சோனாரிலிருந்து காற்றாலைக்கு

அன்புள்ள ஐயா,

கொச்சியில் சோனார் (நீருக்கடியில் ஒலியை வைத்துக் கப்பல்களைக் கண்டறியும் கருவி) ஆராய்ச்சியில் இருக்கிறேன். நாற்பதை நெருங்கும் வயது. வேலையை விட்டுவிட்டு, சோலார் பேனல் பொருத்தும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க ஆசை. 'இத்தனை வருஷம் கற்றதெல்லாம் வீணா?' என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

ர.

அன்புள்ள ர.,

துறை மாறுவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பேனல் பொருத்த உங்கள் அனுபவம் தேவைப்படாது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜை உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1971 போரில் ஐ.என்.எஸ். குக்ரி போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்ட பிறகு கடற்படையின் சோனாரை மேம்படுத்தியவர். கொச்சியில் 'அப்சோ' சோனார் உருவானது அவர் தலைமையில்தான். 1991-ல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அங்கே, பல ஆன்டெனாக்களால் ஒரே நேரத்தில் தரவை அனுப்பிப் பெறும் மைமோ நுட்பத்துக்கு வழிவகுத்தார், வயர்லெஸ் நிறுவனங்களையும் தொடங்கினார். பல ஹைட்ரோஃபோன்களில் (நீருக்கடி மைக்குகளில்) விழும் ஒலியைச் சேர்த்துப் பிரிக்கும் கணக்கோடு வளர்ந்தவர், பல ஆன்டெனாக்களை வைத்து யோசித்தார். இடம் மாறியது, கணக்கை அவர் விடவில்லை.

உங்களிடமும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. கடல் இரைச்சலின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுத்து, தொலைவில் போகும் கப்பலின் புரொப்பெல்லர் எத்தனை சுற்று சுற்றுகிறது, அதற்கு எத்தனை இதழ் என்று சொல்கிறீர்களே, அந்த டெமான் அலசல். காற்றாலையின் கியர்பாக்ஸில் பேரிங் விரிசல் விட ஆரம்பிக்கும்போது அதிர்வில் தெரிவதும் அதே மாதிரித் தடம்தான். விரிசலின் மேல் உருளை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தட்டு. அதைப் பல்சக்கர இரைச்சலுக்குள்ளிருந்து எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1986-லிருந்தே காற்றாலைகள் ஓடுகின்றன. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் 225, 250 கிலோவாட் பழைய எந்திரங்கள் இன்னும் உண்டு. பல கோவை, திருப்பூர் மில்காரர்களுடையவை. மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காற்று. ஆடியில் கியர்பாக்ஸ் போனால் கிரேன் கிடைத்து, இறக்கி, சரிசெய்து ஏற்றுவதற்குள் சீசனே போய்விடும். பெரிய எந்திரங்களில் அதிர்வைக் கண்காணிக்கும் கருவிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. சின்ன எந்திரத்துக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. உங்கள் இடம் அங்கே இருக்கிறது என்று நம்புகிறேன். மலிவான சென்சார் தரும் மோசமான சிக்னலிலிருந்து உண்மையைப் பிடிப்பதுதானே நீங்கள் இத்தனை வருஷமாகச் செய்வது?

சரி, ஒரு எச்சரிக்கை. பாடப்புத்தகத்தில் இருக்கும் கணிதம் எல்லோருக்கும் பொது. அலுவலகத்தில் எழுதிய நிரலில் ஒரு வரிகூட உங்களோடு வெளியே வரக்கூடாது. எல்லாவற்றையும் புதிதாக எழுதுங்கள். விலகும் முன் பணி விதிகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

ராஜினாமாவுக்கு அவசரம் வேண்டாம். அடுத்த சீசனில் விடுப்பு எடுத்து ஆரல்வாய்மொழிக்குப் போய், கோபுரம் ஏறிப் பராமரிப்பவர்களோடு பேசுங்கள். எந்தப் பேரிங் முதலில் போகிறது, ஒரு கியர்பாக்ஸை இறக்க என்ன செலவாகிறது என்று கேளுங்கள். உங்கள் கருவியை என்ன விலைக்கு விற்க முடியும் என்பது அந்தப் பதில்களிலிருந்து தெரியும்.