ராமநாதபுரம் பக்கம் தேடிப் போய்ச் சாப்பிடுகிற மாதிரி ஐஸ்கிரீம் ஏதாவது உண்டா?

உண்டு. கீழக்கரையில் சாயங்கால நேரத்தில் தள்ளுவண்டியில் பானை வைத்து விற்கிற கருப்பட்டி குல்ஃபி. ராமநாதபுரத்திலிருந்து 17 கிலோமீட்டர் சொச்சம், திருப்புல்லாணி தாண்டிப் போக வேண்டும். பதில் அவ்வளவுதான். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கிற வரிகள்தான் என்னை எழுத உட்கார வைத்தன: "மே மாதம் குழந்தைகளோடு ராமேஸ்வரம் போகிறோம். ராம்நாடு வறண்ட ஊராச்சே, அங்கே என்ன கிடைக்கப்போகிறது? மதுரையிலேயே ஜிகர்தண்டாவை முடித்துக்கொண்டு வண்டி ஏறிவிடலாமா?"

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. அரசாங்க வேலையில் ஒருவர் மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டால், "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். வறட்சி பொய் என்று நான் சாதிக்க வரவில்லை. குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நல்ல தண்ணிக்குப் போகிற பெண்களை முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் நீங்களே பார்க்கலாம். அதற்காக இங்கே வாய்க்கு ருசியாக ஒன்றும் இருக்காது என்று முடிவு கட்டிவிடுவதா? பனைமரத்துக்கு யாரும் குடம் சுமந்து ஊற்றுவதில்லை. உப்பளத்துக்கு மழை பெய்யாமல் இருந்தாலே போதும். நான் சொல்கிற குல்ஃபிக்குப் பாலைத் தவிர முக்கியமாக வேண்டியது இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

ஜிகர்தண்டாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரைக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம், மதுரைக்குப் போனால் நானும் வரிசையில் நின்று குடிக்கிறவன்தான். ஆனால் அதில் போடுகிற கடல்பாசி எங்கேயிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பிய்த்தெடுப்பதுதான் மரிக்கொழுந்துப் பாசி. அது காய்ந்து மூட்டையாகி, மதுரைப் பக்கத்தில் அதிலிருந்து அகர், அதாவது ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசி, தயாரிக்கிற கம்பெனிகளுக்குப் போகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அதனால் தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்குமோ என்ற பயத்தோடுதான் அவர்கள் தண்ணியில் இறங்குகிறார்கள். கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறவருக்குப் பேர், முங்கி எடுத்தவளுக்கு முதுகுவலி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நிலைப்படுத்தி (ஸ்டெபிலைசர்) என்ற இடத்தில் 407 என்ற எண் இருந்தால் அது கேராஜீனன், கடல்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம், தங்கச்சிமடம் கரையில் மூங்கில் தெப்பங்களில் பெண்கள் வளர்க்கிறார்களே, எங்கள் ஆட்கள் 'பெப்சி பாசி' என்று சொல்வது, அதிலிருந்து பிரிப்பதும் அதே கேராஜீனன்தான். கட்டிவிட்டால் 45 நாளில் அறுப்பு. உங்கள் டப்பாவில் இருப்பது எங்கள் கடலுடையதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இந்தக் கரைக்கும் ஐஸ்கிரீமுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி பேசாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, குல்ஃபிக்கு வருகிறேன்.

நான் வழக்கமாக வாங்குகிற பாயின் வண்டிக்குப் போர்டு கிடையாது, பெயரும் கிடையாது. அவர் பெயரை இங்கே எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை, அவருக்கும் இருக்காது. அசர் என்கிற பிற்பகல் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் வண்டி வரும். வண்டியில் சிவப்புத் துணி சுற்றிய பெரிய மண்பானை. அதற்குள் உடைத்த ஐஸும் கல்லுப்பும். வாலிநோக்கம் பக்கத்து உப்புத்தான் வாங்குவாராம், பொடி உப்பு சீக்கிரம் கரைந்து தண்ணியாகிவிடும் என்பார். ஐஸோடு உப்பு சேர்ந்தால் அந்தக் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 டிகிரி வரைக்கும் இறங்கும். அதற்குள் கூம்பு கூம்பாகத் தகர அச்சுகள் புதைந்திருக்கும், ஒவ்வொன்றின் மூடியையும் பிசைந்த மைதா மாவால் அடைத்திருப்பார். வெளியே இருக்கிற ஐஸ் உள்ளே போக வழியே இல்லை. "தெருவண்டி ஐஸ், மீன் கம்பெனி ஐஸ், தொண்டை கட்டும்" என்று கமெண்டில் எழுதத் தயாராக இருக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

பாலைக் காலையிலிருந்தே சுண்டவைப்பார்கள். பாதிக்கும் கீழே வற்ற வேண்டும். சட்டியின் ஓரத்தில் படிகிற ஆடையை வழித்து வழித்து உள்ளேயே விடுவார்கள், கடிக்கும்போது இழை இழையாகத் தட்டுப்படுவது அதுதான். கருப்பட்டியைக் கொதிக்கிற பாலில் போட்டால் பால் திரிந்துவிடும். அதனால் கருப்பட்டியைத் தனியாகக் கொஞ்சம் தண்ணியில் காய்ச்சி, துணியில் வடிகட்டி, இரண்டும் நன்றாக ஆறிய பிறகுதான் கலப்பது. வடிகட்டாமல் விட்டால் பல்லில் நறநறக்கும். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுகிறார்கள், அதில் கொஞ்சம் கடைசிவரை கூடவே வரும். ஏலக்காய் உண்டு. சுக்கு இருக்கிற மாதிரியும் தெரியும், இல்லாத மாதிரியும் தெரியும். கேட்டால் பாய் சிரிப்பார்.

இதையெல்லாம் நான் ஏதோ படித்துவிட்டு எழுதவில்லை. என் சித்தப்பா சாயல்குடிப் பக்கம் பனையேறியவர். பள்ளிக்கூட லீவு விட்டால் எங்களுக்கு விடிலிதான், பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. பதநீர் பாகாகத் திரள்கிற கூப்பனிப் பதத்தில் சித்தி ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவாள், சிரட்டையில் ஊற்றி இறுகியதைத் தட்டி எடுத்து அடுக்குவது எங்கள் வேலை. அதனால் கருப்பட்டி விஷயத்தில் எனக்கு நாக்கு நீளம். இப்போது ரோட்டோரம் ஓலைக் கொட்டானில் அடுக்கி விற்பதில் பாதிக்கு மேல் சீனி கலந்ததாக இருக்கும் என்பது என் சந்தேகம். உடைத்து வாயில் போட்டால் இனிப்புக்குப் பின்னாலேயே லேசாக ஒரு கரிப்பு வர வேண்டும். சீனி கலந்ததில் வெறும் தித்திப்பு மட்டும் நாக்கில் நிற்கும். அந்தக் கரிப்பு பாயின் குல்ஃபியில் இருக்கிறது. எனக்கு அது போதும், மற்றதெல்லாம் பிறகு.

இப்போது என் மச்சினர் கதை. கோயம்புத்தூர்க்காரர், என் மனைவிக்கு அண்ணன். நல்ல மனிதர், ஆனால் எதைப் பார்த்தாலும் "எங்க ஊர்ல..." என்று ஆரம்பிப்பார். போன வருஷம் ராமேஸ்வரத்தில் திதி கொடுக்கக் குடும்பத்தோடு வந்தார். திரும்பும்போது பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்க, டவுனில் ஏசி போட்ட கடையாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். நான்தான் பிடிவாதமாகக் கீழக்கரைக்கு வண்டியைத் திருப்ப வைத்தேன். காரில் ஏறியதிலிருந்து, "மாப்ளே, ஒரு குச்சி ஐஸுக்கா இவ்வளவு தூரம்?" என்று ஒரே நச்சரிப்பு.

பாய் அச்சை எடுத்தார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கயிறு திரிக்கிற மாதிரி உருட்டினார். மூடியைத் திறந்து குச்சியைச் செருகி இழுத்தார், முழுசாக வந்தது. கருஞ்சிவப்பும் இல்லாமல் காப்பி நிறமும் இல்லாமல், மேலே மெல்லிசாகப் பனி பூத்து. மச்சினர் ஓரத்தைக் கடித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. கடற்காற்றில் சட்டை நனைகிற அளவுக்குப் புழுக்கம், குல்ஃபி மட்டும் சொட்டவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. கடை ஐஸ்கிரீமை மிஷினில் காற்றடித்துக் கடைவார்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள் என்றால், மீதி இடத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். குல்ஃபியைக் கடைவதில்லை, அடைத்து அப்படியே உறைய விடுவதுதான். அதனால் உருக நேரம் பிடிக்கும். முழுசையும் முடித்துவிட்டுத்தான் மச்சினர் வாயைத் திறந்தார்: "பாய், இதுல சீனி இல்லைதானே? எனக்கு சுகர் இருக்கு, இன்னொண்ணு சாப்பிடலாமா?"

பாய் நேர்மையான ஆள். "கருப்பட்டியும் இனிப்புத்தான் அத்தா. ஒண்ணோட நிறுத்திக்கங்க" என்றார். வியாபாரி சொல்கிற பேச்சா இது! நானும் அதையே சொல்கிறேன். கருப்பட்டி என்றால் சர்க்கரை நோய்க்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ருசிக்காகச் சாப்பிடுங்கள், மருந்தென்று சாப்பிடாதீர்கள்.

ஏசி கடைகள் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் மனசில் இருக்கிறது. என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு சமையல் காண்டிராக்டரிடம் ஐஸ்கிரீம் என்று சொல்லித்தான் ரேட் பேசினோம். பந்தியில் வைத்த கப்பின் மூடியைப் பார்த்தால் 'ஃப்ரோசன் டெசர்ட்'. பெயருக்கு முன்னால் எதுவும் ஒட்டாத சாதா ஐஸ்கிரீம் என்றால் பால்கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். தாவர எண்ணெய்க் கொழுப்பு போட்டால் ஐஸ்கிரீம் என்று அச்சடிக்கவே கூடாது, அதனால்தான் அந்தப் பெயர். கேட்டதற்கு, "சம்பந்தி வீட்டுக்காரங்க மூடியவா படிக்கப்போறாங்க" என்றார் காண்டிராக்டர். நான் படித்தேனே!

மச்சினர் பேச்சு வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் டிக்கியில் ஒரு காலித் தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. திரும்பும்போது அதில் நண்டும் இறாலும் நிரம்ப வேண்டும், அதுவும் "கடற்கரை விலைக்கு". வருவது எப்போது? பள்ளிக்கூட லீவில், மே மாதம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற கொஞ்சநஞ்சத்துக்கு ஏலத்தில் அடிதடி. விலையைச் சொன்னால் நான் கமிஷன் வைத்துச் சொல்வது போல ஒரு பார்வை. கடல் பக்கத்தில் இருப்பதால் மீன் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது என்று நினைப்பு. நீங்களும் மே மாதம்தான் வருகிறேன் என்கிறீர்கள், பெட்டி கொண்டுவராதீர்கள்.

ஆனால் குல்ஃபிக்கு மே மாதம் ஏற்ற காலம்தான். புதுக் கருப்பட்டி வந்திருக்கும், நுங்கும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வந்தீர்களானால் மழை ஈரத்தில் கருப்பட்டி கசிந்துபோய் வாசம் மாறியிருக்கும், பாயும் வண்டியைத் தினமும் எடுக்க மாட்டார். கீழக்கரைக்காரர்கள் இதைப் படித்தால், "தொதலை விட்டுவிட்டுக் குல்ஃபியைப் போய்ச் சொல்கிறானே" என்று திட்டுவார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டுகிற தொதல் அருமையான பண்டம்தான், வீட்டுக்கு வாங்கிப் போங்கள். கேட்டது ஐஸ்கிரீம் என்பதால் இங்கே இவ்வளவோடு விடுகிறேன்.

ரயிலில் வருவதானால் ராமநாதபுரத்திலேயே இறங்கிவிடுங்கள். பாம்பன் புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது, அதைக் குழந்தைகளுக்கு மறுநாள் காட்டிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழக்கரைக்கு அடிக்கடி வண்டி உண்டு. காரென்றால் வழியில் திருப்புல்லாணிப் பெருமாளையும் பார்த்துவிடலாம். கீழக்கரையில் இறங்கி, "கருப்பட்டி குல்ஃபி பானை வண்டி எங்கே நிற்கும்" என்று கேளுங்கள், சின்னப் பையன் கூடக் கை காட்டுவான். நோன்பு மாதமானால் சாயங்காலம் தேடாதீர்கள், ராத்திரித் தொழுகை முடிந்த பிறகுதான் தெருவே களைகட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் நின்றுவிட்டு என்னைத் திட்டக்கூடாது, ஜும்மா நேரத்தில் பெரும்பாலும் கடைகள் அடைத்திருக்கும். பால் குல்ஃபியும் பாயிடம் இருக்கிறது, வெள்ளையாகத் தெரிகிறதே என்று பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்கும். வாங்கிக் கொடுக்காதீர்கள்.