சட்டக் கல்வி: கேள்வி – பதில்

கேள்வி: சட்டக் கல்லூரியில் சொத்துரிமை மாற்றுச் சட்டம் எடுக்கிறேன். மாணவர்கள் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள், ஆனால் ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்தால் திணறுகிறார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குத் தனியாக நேரமும் இல்லை. ஒரே பருவத்தில் இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது?
– உதவிப் பேராசிரியர், சேலம்

பதில்: பிரிவு வாரியாகப் போகாதீர்கள். ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு, பருவம் முழுக்க அதையே நடத்துங்கள். தாய்ப்பத்திரம், நடப்புப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு (கிராம நிலங்களின் வருவாய்ப் பதிவேடு) நகல், புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்), அந்தப் பகுதியின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடம் ஆகியவற்றை ஒரு கோப்பாக்குங்கள். பெயர், ஆதார் எண், கைரேகை எல்லாவற்றையும் கறுப்படித்துவிட்டு நகல் கொடுங்கள்.

முதல் வகுப்பில் பரப்பளவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பத்திரம் ஏக்கர்–சென்ட்டில் இருக்கும், பட்டா ஹெக்டேர்–ஏரில் இருக்கும். பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் என்றால் பட்டாவில் சுமார் 0.48.5 ஹெக்டேர் வரவேண்டும். 0.46.0 என்று இருந்தால் ஏறக்குறைய 6 சென்ட் குறைகிறது. அது சாலைக்குப் போனதா, உட்பிரிவில் பக்கத்துக்காரருக்குப் போனதா, 1980களின் யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) கணக்கெடுப்பில் தவறியதா, பத்திரம் எழுதியபோதே கூட்டி எழுதப்பட்டதா? பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக நான்கெல்லைக்கே மதிப்பு அதிகம் என்ற நெறியை இந்த இடத்தில் சொன்னால் மனதில் நிற்கும்.

அடுத்தது வில்லங்கம். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 112/3அ என்ற இன்றைய எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டுவிட்டு ‘சுத்தம்’ என்று எழுதிவிடுவார்கள். உட்பிரிவுக்கு முந்தைய 112/3-க்கும், யு.டி.ஆருக்கு முந்தைய பழைய எண்ணுக்கும் போட்டால்தான் அடமானமோ பாகப்பிரிவினையோ தலைகாட்டும். பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் வில்லங்கச் சான்றில் வராது. வழக்கு நடந்துகொண்டிருப்பதும் பெரும்பாலும் தெரியாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சொத்தை மாற்றுவது பற்றிய சொத்துரிமை மாற்றுச் சட்டப் பிரிவு 52-ஐ அப்போது நடத்துங்கள். ‘பட்டா இவர் பேரில் இருக்கிறது, ஆகவே இவரே உரிமையாளர்’ என்ற விடையையும் அன்றே திருத்திவிடுங்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே. உரிமையைத் தருவது பத்திரமோ வாரிசுரிமையோதான்.

இதன் பிறகு முழுமைத் திட்ட வரைபடத்தில் அதே சர்வே எண்ணைத் தேடச் சொல்லுங்கள். உரிமையில் ஒரு குறையும் இல்லாத நிலம் விவசாய மண்டலத்தில் விழுந்திருக்கும். நில உபயோக மாற்றம் வாங்காமல் அங்கே அடுக்குமாடி கட்ட முடியாது. சொந்தமாக இருப்பதும் விரும்பியபடி பயன்படுத்துவதும் வேறு வேறு என்பது அந்த வரைபடத்தைப் பார்த்த நிமிடத்திலேயே புரிந்துவிடும். நிலத்தில் உத்தேசச் சாலைக் கோடு ஓடினால், 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுக்குப் போங்கள். மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால் நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்பது அது.

இரண்டு சட்டங்களும் நேரடியாகக் கைகோக்கும் இடம் மனைப்பிரிவின் தானப் பத்திரம். 12,000 சதுர மீட்டர் நிலத்தில் சாலைகளுக்கு 3,000 போனால் மிச்சம் 9,000. அதில் 10 சதவீதம், அதாவது 900 சதுர மீட்டர், திறந்தவெளி ஒதுக்கீடு. சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். ஏற்பு, இரு சாட்சிகள், பதிவு என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 122, 123-ஆம் பிரிவுகள் கேட்பதெல்லாம் அந்த ஒரே பத்திரத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அங்கீகாரம் இல்லாத மனையை வாங்கினால் கிரயமே செல்லாதா?
– மூன்றாமாண்டு மாணவி, மதுரை

பதில்: பதிவான கிரயம் அங்கீகாரம் இல்லை என்பதற்காக மட்டும் தானாகச் செல்லாமல் போகாது. பதிவு செய்யவே முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-அ பிரிவு 20.10.2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் மனையாக்கிய நிலத்தை அதன்படி பதிவு செய்யக் கூடாது. அதே மனை முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் விலக்கு உண்டு. அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் வரன்முறை விதிகளும் அதே தேதியைத்தான் வரம்பாக வைத்தன. பதிவு நடந்தாலும் கட்டட அனுமதியிலும் வங்கிக் கடனிலும் மனை சிக்கிக்கொள்ளும். தேர்வில் உரிமை, பதிவு, திட்ட அனுமதி மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

கேள்வி: ஒரே சர்வே எண்ணை வைத்துப் பருவம் முழுக்க நடத்தினால் அக மதிப்பெண் எப்படிப் போடுவது?
– விரிவுரையாளர், திருச்சி

பதில்: இரண்டு பக்க உரிமை ஆய்வுக் கருத்துரை ஒன்று போதும். 20 மதிப்பெண்ணில் உரிமைத் தொடருக்கு 8, பரப்பளவு, எல்லைக்கு 4, நில உபயோகத்துக்கு 4. மீதி 4 ‘இன்னும் எந்தெந்த ஆவணங்களைக் கேட்டு வாங்க வேண்டும்’ என்ற பட்டியலுக்கு. அந்தப் பட்டியலை வெறுமையாக விட்டவருக்கு, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், கருத்துரையைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள்.