விரலை எடுத்தால் காலும் போய்விடுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. பல வருடங்களாகச் சர்க்கரை வியாதி. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை வெறுங்காலோடு நடந்தார். கால் கட்டைவிரலில் வந்த கொப்புளம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை, நுனி கறுத்துவிட்டது. வலியே இல்லை என்கிறார். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “ஒரு விரலை வெட்டினால் அப்புறம் வெட்டிக்கொண்டே போவார்கள்” என்று பெரியப்பா சொன்னதிலிருந்து அப்பா வர மறுக்கிறார். கால் போய்விடுமா டாக்டர்?
– ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: காலை நேரில் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது, அம்மா. ஆனால் வலி இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. கறுத்துப்போன புண் வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் பாதத்து நரம்புகள் மரத்துப்போயிருக்கலாம். வலி இருந்தால் நொண்டியாவது நடப்பார். இப்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் பாரம் புண்மேல் இறங்குகிறது.

மருத்துவமனையில் மூன்றைப் பார்ப்பார்கள்: புண்ணின் ஆழம், காலுக்கு வரும் ரத்தம், தொற்றின் பரவல். அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர்கள் 2014-ல் வெளியிட்ட முறையில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை தரம் உண்டு. மூன்றையும் சேர்த்துத்தான், ஓராண்டுக்குள் காலை இழக்கும் ஆபத்து எவ்வளவு என்று கணிப்பார்கள். ‘சின்னப் புண்தானே’ என்று அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. புண்ணுக்குள் மழுங்கிய கம்பியை விட்டுப் பார்க்கும்போது எலும்பு தட்டுப்பட்டால், எலும்பிலும் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் அது ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும்.

ரத்த ஓட்டத்தைப் பற்றி நீங்களே விடாமல் கேளுங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. ஆனால் நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களுக்குக் கணுக்கால் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடலாம். அப்போது அளவு 1.3-க்கும் மேல் காட்டும், ஓட்டம் நன்றாக இருப்பதாக ஏமாற்றும். அதனால் கால்விரல் அழுத்தத்தையும் அளந்தார்களா என்று கேளுங்கள். அது 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே என்றால் நிலைமை கடுமை. பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்து ரத்தத்தை வரவழைக்க முடியுமா என்று பார்ப்பார்கள்.

பெரியப்பா சொன்னதில் பாதி உண்மை. விரலை எடுத்தவர்களுக்கு மறுபடியும் வெட்ட நேர்வது உண்டுதான். பழியைக் கத்திமேல் போடாதீர்கள். அடைப்பு அப்படியே இருந்தால் வெட்டிய இடமும் ஆறாது, மரத்த பாதத்தில் அடுத்த புண்ணும் வரும். சிகரெட்டும் சிறுநீரகக் கோளாறும் ஆபத்தைக் கூட்டும். அதே சமயம், தொற்று ஏறிய விரலை விட்டுவைத்தால் அது பாதத்துக்குள் இறங்கி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடலாம். முடிந்தால் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், சந்தேகத்தை நேரிலேயே கேட்கட்டும்.

நுனி கறுத்துவிட்டதால் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. தேதி தள்ளி இருந்தால் உடனே பலதுறை மருந்தகத்தில் சொல்லி முன்னதாக வாங்குங்கள். புண்ணைச் சுற்றிய சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவினால், சீழோ வாடையோ வந்தால், கறுப்பு பெரிதானால், காய்ச்சல் அடித்தால், சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால், நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அதுவரை மஞ்சள் பற்று, வெந்நீர் ஒத்தடம் இரண்டும் வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். நடையைக் குறைக்கச் சொல்லுங்கள், வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. மற்ற பாதத்தையும் தினமும் பாருங்கள். சிகிச்சை தொடங்கி 4 வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாவது குறையவில்லை என்றால், கட்டு மாற்றிக்கொண்டே இருக்காமல் ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் மறுபடி பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.