வட சென்னையில் இன்டர்நெட் பற்றி ஒரு சின்ன மியூசியம் அமைக்க எந்தப் பொருள்கள் சரிப்படும்?

ராயபுரம் பக்கம் பழைய கட்டடத்தின் மாடியில் ஒரு கூடம் கிடைத்திருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் தொட்டு இயக்கிப் பார்க்கிற மாதிரி இன்டர்நெட் காட்சிகள் வைக்க வேண்டும், பொருள்கள் சுற்றுச்சூழலைக் கெடுக்கக் கூடாது, மூங்கிலும் சணலும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடுகிறவன், பட்டறை வியாசர்பாடியில். போதாது. மூங்கிலை போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்காமல் நிறுத்தினால் வண்டு துளைத்து அடியில் மாவு கொட்ட ஆரம்பிக்கும், அதைவிட முக்கியம், எதில் செய்கிறோம் என்று யோசிப்பதற்கு முன்னால் எப்படிக் கழட்டப் போகிறோம், கழட்டினது எங்கே போகும் என்று யோசிக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் கண்காட்சி முடிந்த ராத்திரியே எம்டிஎஃப் பலகை, ஃப்ளெக்ஸ் எல்லாம் உடைபட்டு லாரி ஏறிவிடும். பசை போட்டு ஒட்டி மேலே சன்மைக்கா போர்த்தின பலகையை யாராலும் திரும்ப உபயோகிக்க முடியாது. ஸ்க்ரூ, போல்ட், கயிறு இவற்றால் கட்டினது அப்படியே திரும்பி வரும். அதனால் தடுப்புக்கும் மேல் சட்டத்துக்கும் பந்தல்காரரிடம் சவுக்குக் கட்டையை வாடகைக்கு எடுங்கள், வேலை முடிந்தால் அது அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும். கடல் காற்று அடிக்கிற இடம், சாதா இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்தால் கழட்டவே வராது, காசு பார்க்காமல் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ வாங்குங்கள். பெயர்ப் பலகைகளுக்கும் ஃப்ளெக்ஸ் வேண்டாம், அது பிவிசி. போர்டு எழுதுகிற ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள், துணியில் எழுதச் சொல்லலாம்.

மேசை, பலகை வேலைக்கெல்லாம் துறைமுகத்திலிருந்து வெளியே வருகிற பேக்கிங் கட்டை போதும், பெரும்பாலும் பைன் மரம், இழைத்தால் அழகாக வரும். ஆனால் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். சர்வதேச சரக்கில் வரும் மரத்துக்கு அது கட்டாயம், ஒரு கோதுமைக் கதிர் படமும் சில எழுத்துகளும் இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உள்பகுதி வரைக்கும் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கினது, தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று உலகம் முழுக்க ஒதுக்கிக்கொண்டிருக்கிற நச்சு அது, பிள்ளைகள் கை வைக்கிற இடத்துக்கு வேண்டவே வேண்டாம். முத்திரையே இல்லாத கட்டையும் வேண்டாம்.

சரி, காட்சிகள். தொடுதிரை கியாஸ்க் வரிசையாக வைக்கலாம் என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அது ரிப்பேர் ஆனால் பக்கத்துத் தெருவில் சரிசெய்ய ஆள் கிடையாது, கடைசியில் இருட்டுத் திரையாக நிற்கும். இன்டர்நெட்டைக் காட்ட இன்டர்நெட்டே தேவையில்லை.

எனக்குப் பிடித்த யோசனை கேரம் காய்களை வைத்து. நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் கிளப், தேய்ந்த காய்கள் சும்மாவே கிடைக்கும். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு, ஆக 19. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தும் ஒரு வரிசை எண்ணும் எழுதுங்கள். சாய்வான பெரிய பலகையில் பிரிந்து பிரிந்து சேருகிற பள்ளங்களாகப் பாதைகள், நடுநடுவே மூடித் திறக்கிற கதவுகள். ஒரு பிள்ளை மேலிருந்து காய்களை விடும், இன்னொன்று நடுவில் ஒரு கதவைச் சாத்தும், காய்கள் வேறு வழியாகச் சுற்றி முன்னே பின்னே கீழே வந்து சேரும். கீழே இருப்பவர் எண்ணைப் பார்த்து அடுக்கி வாசிக்க வேண்டும், ஏழாம் நம்பர் வரவில்லை என்றால் "ஏழு வரலை, திரும்ப அனுப்பு" என்று கத்த வேண்டும். இன்டர்நெட்டில் தகவலைத் துண்டு துண்டாக அனுப்பிச் சேர்க்கிற டிசிபி என்ற விதிமுறை செய்கிற வேலை ஏறக்குறைய இவ்வளவுதான். பக்கத்தில் ஒரு துணியில், இன்டர்நெட்டின் முன்னோடி வலையில் முதல் செய்தி போன 1969 அக்டோபர் 29 கதையை எழுதி வையுங்கள்: கலிஃபோர்னியாவில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ‘லாகின்’ என்று ஐந்து ஆங்கில எழுத்து அனுப்பப் போய், இரண்டு எழுத்து சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது இன்டர்நெட்டை நாடு விட்டு நாடு கொண்டுபோகிற கடலடிக் கேபிள், இதை வட சென்னையில் காட்டாமல் வேறெங்கே காட்டுவது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002லிருந்தே கேபிள் இருக்கிறது, தூரம் சுமார் 3,200 கி.மீ., அந்தமானுக்கு 2020ல் போட்டார்கள், அது சுமார் 2,300 கி.மீ. கேபிளுக்குள் இருக்கிற கண்ணாடி இழையில் தகவலைச் சுமக்கிற ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும், ஆக சிங்கப்பூர் போய்ச்சேர ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குதான் ஆகிறது. ஆழ்கடலில் அந்தக் கேபிளின் தடிமன் இரண்டு சென்டிமீட்டர்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். காசிமேட்டில் கழித்துப்போட்ட கயிற்றில் அதே தடிமனுள்ளதைத் தேடி எடுத்துக் கையில் கொடுங்கள் (நல்ல தண்ணீரில் ரெண்டு நாள் ஊறப்போட்டு அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் கூடம் முழுக்கக் கவிச்சி வாடை). கரையோரத்தில் மட்டும் எஃகுக் கம்பி சுற்றித் தடிமனாக்குவார்கள், காரணம் நங்கூரமும் இழுவை வலையும்தான். இதை விளக்க விசைப்படகில் போய்வந்த ஒருவரையே வாரம் ஒருநாள் உட்கார வைத்தால் எந்தத் திரையையும்விட நன்றாகச் சொல்வார். ஒளி எப்படி வளைந்து போகிறது என்பதற்கு 20 லிட்டர் தண்ணீர் கேனில் கீழே ஓர் ஓட்டை, எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச். வெளியே வளைந்து விழுகிற தண்ணீரோடு வெளிச்சமும் வளையும். 1840களில் ஜெனீவாவில் கொலாடன் என்ற விஞ்ஞானி செய்து காட்டின சோதனை, செலவு ஒரு சின்ன பம்புதான்.

1995 ஆகஸ்ட் 15ல், அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது நொடிக்கு 9.6 கிலோபிட் வேகம். இன்றைய 3 எம்பி செல்போன் படம் அதில் இறங்க 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். பழைய மீன்பாடி வண்டிச் சக்கரத்தில் ஒரு கைப்பிடி வைத்து, சுற்றச் சுற்றப் படம் வரி வரியாக இறங்குகிற மாதிரி செய்யலாம்.

மதர்போர்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டுகிற அலங்காரம் மட்டும் வேண்டாம். காயலான் கடையிலிருந்து வருகிற போர்டை அறுத்தால், தேய்த்தால் தூசியில் ஈயமும் சேர்ந்து வரும். பழைய டியூப் மானிட்டரின் கண்ணாடியிலும் ஈயம் இருக்கிறது, உடைக்காமல் முழுசாக வையுங்கள், வேண்டாதபோது பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள்.

கூடத்தின் நீள அகலத்தோடு மாடிப்படியின் அகலத்தையும் கமென்டில் போடுங்கள். அந்தக் காலத்துப் படிகளில் திருப்பத்தில் எட்டடிப் பலகை ஏறாது, கேரம் பலகையை எத்தனை துண்டாகச் செய்வது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.