கார்பெட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் என் மகளுக்கு (12 வயது) ஜிம் கார்பெட்டின் வேட்டைக் கதைகளை வாசித்துக் காட்டினேன். சொக்கிப்போய்க் கேட்டாள். நேற்று திடீரென்று, “இத்தனை புலியைச் சுட்டவர் பேரை எதுக்கும்மா புலிகள் காப்பகத்துக்கு வச்சிருக்காங்க?” என்றாள். அவர் ஆட்கொல்லிகளை மட்டும்தான் சுட்டார், பிறகு மனம் திருந்தித் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டார் என்று சொல்லிச் சமாளித்தேன். சரிதானே? அந்தப் பெயரையே மாற்றிவிடலாமே என்கிறார் என் கணவர். நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு எது என்றும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சமாளித்துவிட்டீர்கள். ஆனால் பிள்ளையிடம் சொன்னது இரண்டுமே தப்பு.

இன்றைய உத்தராகண்டில், பவல்கர் பக்கம் ஓர் ஆண்புலி இருந்தது. 1920லிருந்து பத்து வருடம் அந்த வட்டார வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். அது யாரையும் தின்றதில்லை. பெரிய புலி, அதுதான் அது செய்த குற்றம். 1930 குளிர்காலத்தில் கார்பெட் அதைச் சுட்டார். உடல் வளைவோடு அளந்து 10 அடி 7 அங்குலம் என்று அவரே எழுதியும் வைத்தார். கேமரா கைக்கு வந்த பிறகும் துப்பாக்கி மூலைக்குப் போகவில்லை. தாக் கிராமத்து ஆட்கொல்லியை அவர் சுட்டது 1938 நவம்பரில், 63 வயதில்.

எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. போனவர்களை நினைவுகூர உட்கார்ந்தாலே நம்மவர்களுக்கு இந்த வியாதி வந்துவிடுகிறது. ஆயுள் முழுக்கக் காட்டிலும் ஆற்றிலும் திரிந்த மனிதரிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, தூண்டிலையும் பிடுங்கி, கையில் ஒரு மரக்கன்றைக் கொடுத்து நிற்க வைத்துவிடுகிறோம். திரும்பி வந்து பார்த்தால் அவருக்கே ஆள் அடையாளம் தெரியாது. முன்பு நமக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. கண்ணப்பரை நாயன்மார்களில் ஒருவராக வைத்தவர்கள் காளத்தியில் அவர் படைத்த பன்றிக்கறியை ஒளிக்கவில்லை. வாயில் அதுக்கி ருசி பார்த்துப் படைத்தார் என்பதையும் சேக்கிழார் விடாமல் பாடினார். வேடன் முதலில் திருந்தட்டும், அப்புறம் பக்தனாகட்டும் என்று அவர் கதையைத் திருத்தவில்லை.

கார்பெட்டுக்குக் காடு பிடிபட்டதே வேட்டையால்தான். காலாடுங்கியில் உண்டிவில்லோடு அலைந்த பையன் அவர். மானின் அலறலைக் கேட்டே சிறுத்தை எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லும் காது அப்படி வந்தது. எதையாவது பிடித்துவிட வேண்டும் என்று போகிறவனுக்குத்தான் ஒரு காலடித் தடம் பனி விழுவதற்கு முன்பு பதிந்ததா, பின்பு பதிந்ததா என்பது பெரிய விஷயம். சௌகர் என்ற இடத்து ஆட்கொல்லிப் பெண்புலியை அவர் நேருக்கு நேர் சந்தித்தபோது இடது கையில் பக்கிக்குருவியின் இரண்டு முட்டைகள். சேகரிப்புக்காக எடுத்தவை. எட்டடி தூரத்தில் புலி. ரைஃபிளை ஒற்றைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுட்டார். பிறகு முட்டைகளைக் கொண்டுபோய் எடுத்த குழியிலேயே வைத்தார். எடுத்தவரும் வைத்தவரும் ஒருவர்தான். இதில் எந்தப் பாதியை உங்கள் மகளிடமிருந்து மறைக்கப் போகிறீர்கள்?

ரைஃபிளைவிடக் கேமரா உயர்ந்தது என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் எப்படிச் சொன்னார் என்று பாருங்கள். பனி உருகி வரும் மலையோடையில் மெல்லிய தூண்டில் நரம்பில் ட்ரவுட் மீன் பிடிப்பதற்கும், வெயில் காயும் குளக்கரையில் தூண்டிலை ஊன்றிவிட்டு மீன் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் என்றார். மஹ்சீர் மீனுக்காக ஆறு ஆறாகப் போனவர் அல்லவா! கேமராவை உசத்திப் பேச வந்தபோதும் அவர் கைக்குக் கிடைத்தது ஒரு மீன்பிடிக்காரனின் அளவுகோல்தான்.

(குளக்கரைக்காரர்கள் சார்பில் எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.)

என் மாமா ஒருவர் அந்தக் கட்சி. விரால் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறீர்களா? செக்கச்செவேலென்று ஒரு கொத்தாகத் தண்ணீரின் மேல்மட்டத்தில் கொதித்துக்கொண்டே நகரும். பெரிய விரால் கீழே காவல் நிற்கும். கொத்துக்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் போதும், பாய்ந்து கவ்வும். பசியில்லை, குஞ்சுக்கு ஏதோ ஆபத்து என்ற ஆவேசம். இதைவிடச் சுலபமாக விரால் பிடிக்கவே முடியாது. மாமா போடமாட்டார். வேறு யாராவது போட்டால் கரையிலிருந்தே கெட்ட வார்த்தையில் திட்டுவார். மறுநாள் குளத்தின் இன்னொரு மூலையில் கைநீள விராலைத் தூக்கி, சாம்பலைத் தொட்டுக் கல்லில் உரசிக்கொண்டிருப்பார். அவருடைய காரியத்தன்று உறவினர் ஒருவர் எழுந்து, “எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷன்” என்று பேசினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்தனை விரால், கடவுளே!

உங்கள் மகளின் கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி கிடக்கிறது. புலி ஏன் ஆளைத் தின்னத் தொடங்குகிறது? 1907ல் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கணக்கில் 436 பேர். செத்துக் கிடந்த அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்க மேல் கோரைப்பல் பாதி இல்லை, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் இல்லை. பழைய துப்பாக்கிக் காயம். அந்த வாயை வைத்துக்கொண்டு வழக்கமான இரையைக் கொல்ல முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்பது அவர் முடிவு. முக்தேசர் ஆட்கொல்லிப் புலிக்கு ஒரு கண் இல்லை, முன்னங்காலில் ஐம்பது முள்ளம்பன்றி முட்கள். முள்ளம்பன்றியையாவது மன்னிக்கலாம். சம்பாவத் புலிமேல் முதல் குண்டைப் போட்டவனை என்ன செய்வது? சுட்டான், புலி விழவில்லை, தேடிப் போகாமல் திரும்பிவிட்டான். அவன் யாரென்று யாருக்கும் தெரியாது. நாமோ சுட்டதைச் சுட்டேன் என்று எழுதிவைத்தவரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறோம். சுடலாமா கூடாதா என்பது கார்பெட்டின் கேள்வியே அல்ல. அலட்சியமாகச் சுட்டுவிட்டு, காயம்பட்டதைப் பின்தொடராமல் விடுவதைத்தான் ஆட்கொல்லிகள் உருவாகும் காரணங்களில் ஒன்றாக வைத்தார். மலைக்கிராமங்களில் அதற்கு விலை கொடுத்தவர்கள் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் போன பெண்கள். மனம் திருந்திய கதைக்குள் இவ்வளவும் அடங்காது. அதனால்தான் அந்தக் கதை எனக்குப் பிடிப்பதில்லை.

பெயர் விஷயம்: 1936ல் ஹெய்லி தேசியப் பூங்காவாகத் தொடங்கி, கார்பெட் 1955ல் கென்யாவில் இறந்த பிறகு இந்தப் பெயர் வந்தது. மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். புலிக்கு இரண்டும் ஒன்றுதான் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு பற்றி இன்னொரு நாள்.

மகளிடம் பவல்கர் கதையைக் கொடுங்கள், நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். படித்துவிட்டு கார்பெட்டுக்கு ஒரு திட்டுக் கடிதம் எழுதினாள் என்றால் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.