முதுகெலும்பில் -0.6, இடுப்பில் -2.8: எந்த டி-ஸ்கோரை நம்புவது?

உங்கள் அம்மாவின் எலும்பு அடர்த்தி ஸ்கேனில் (டெக்ஸா) இரு இடங்களிலும் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண், வெவ்வேறாக வந்ததால், இரண்டின் சராசரியைப் பார்த்துவிட்டு, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இடுப்பின் அளவையே நம்புங்கள். அளந்த இடங்களுள் எது மிகக் குறைவோ அதைக் கொண்டே நோயைத் தீர்மானிப்பது மருத்துவ நடைமுறை என்பதால், 71 வயதான உங்கள் அம்மாவுக்குத் தொடை எலும்பின் கழுத்தில் (இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதி) வந்துள்ள -2.8, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த -2.5 என்ற வரம்பைத் தாண்டிய எலும்புப்புரையையே (அடர்த்தி குறைந்து எலும்பு எளிதில் உடையும் நோய்) காட்டுகிறது. நீங்கள் செய்ததுபோல் இரண்டையும் கூட்டிச் சராசரி பார்க்கக் கூடாது.

முதுகெலும்பின் அளவு நன்றாகத் தெரிவதற்குத் தேய்மானமே காரணமாக இருக்கலாம். முள்ளெலும்புகளின் ஓரத்தில் வளரும் எலும்பு முட்களையும், அவற்றுக்கு முன்னால் செல்லும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பையும் டெக்ஸா கருவி எலும்பின் அடர்த்தியாகவே கணக்கிட்டுவிடுகிறது.

1. அறிக்கையில் எல்1 முதல் எல்4 வரை (கீழ்முதுகின் நான்கு முள்ளெலும்புகள்) தனித்தனி டி-ஸ்கோர்களைப் பாருங்கள். ஒன்று மட்டும் பக்கத்து எலும்பிலிருந்து 1.0-க்கு மேல் வேறுபட்டால், அதை விலக்கி, எஞ்சியவற்றில் குறைந்தது இரண்டைக் கொண்டு மறுபடி கணக்கிடக் கேளுங்கள்.

2. அம்மாவின் உயரம் குறைந்திருந்தால் முதுகெலும்பின் பக்கவாட்டு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். அமுங்கி உடைந்த முள்ளெலும்பும் அடர்த்தி கூடியதுபோலவே தோன்றும். வலியே இல்லாமல் உடைந்திருப்பதும் உண்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வைட்டமின் டி குறைபாட்டால் எலும்பு மென்மையானாலும் டி-ஸ்கோர் இறங்கும். ஆகவே மருந்து தொடங்குமுன் வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் இரத்தப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் பேசுங்கள். அடுத்த ஸ்கேனையும் இதே கருவியிலேயே எடுங்கள்.