கணினியில் உள்ள பாட்டு கைப்பேசியில் தெரியாதபோது: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: குடியாத்தத்தில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். வைகாசியில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காக, கடைக் கணினியில் அம்மன் பாடல்களைத் தொகுத்து ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஏற்றிக்கொள்வது வழக்கம். இந்த முறை கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டுமே ஏறுகிறது. வேறு கேபிளில் நகல் எடுத்த பிறகும் சில பாடல்கள் பிளேயரில் தெரியவில்லை. கணினியில் வரிசைப்படுத்திய பிளேலிஸ்ட்டும் காலியாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஒரே கோளாறாக நீங்கள் எழுதியிருப்பவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகளும் தரவுக்கு இரண்டு கம்பிகளும் இருக்கும். மலிவான சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. கேபிள் சரியாக இருந்தாலும், பெரும்பாலான கைப்பேசிகள் இணைந்தவுடன் சார்ஜ் ஏறும் நிலையிலேயே நிற்கும் என்பதால், திரைப் பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பட்டையைக் கீழே இழுத்து, ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நகல் எடுத்தும் பாடல் தெரியாதபோது முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, பாடல் கைப்பேசிக்கு வந்து சேரவில்லையா, அல்லது வந்து சேர்ந்தும் பிளேயருக்குத் தெரியவில்லையா என்பதே. கைப்பேசியின் கோப்பு மேலாளரில் அந்தக் கோப்புறையைத் திறந்து, பாடலைத் தட்டிப் பாருங்கள். அங்கே ஒலித்தால் நகலில் குறையில்லை. பெரும்பாலான பிளேயர்கள் கோப்புறைகளைத் தாமே துழாவுவதில்லை. ஆண்ட்ராய்டு தனியே எழுதி வைத்திருக்கும் ஊடகப் பட்டியலைப் பார்த்தே பாடல்களைக் காட்டுகின்றன. அந்தப் பட்டியல் பழையதாக இருந்தால், கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போடுவதோ, பிளேயரின் அமைப்புகளில் மறுபடி ஸ்கேன் செய்வதோ பெரும்பாலும் போதும். ஒரு கோப்புறை மட்டும் விடாப்பிடியாக மறைந்திருந்தால், அதற்குள் புள்ளியில் தொடங்கும் ‘நோமீடியா’ என்ற பெயருள்ள கோப்பு இருக்கிறதா என்று, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கோப்பு மேலாளரை மாற்றி வைத்துப் பாருங்கள். அது இருக்கும் கோப்புறையை ஆண்ட்ராய்டு பட்டியலில் சேர்ப்பதில்லை. வேறொரு கைப்பேசியிலிருந்து கோப்புறையை முழுதாக வாரிக்கொண்டு வரும்போது இதுவும் கூடவே வந்துவிடும்.

பிளேலிஸ்ட் கோப்புக்குள் பாடல்கள் இருப்பதில்லை. ஒவ்வொரு பாடலும் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். கடைக் கணினியின் ‘டி’ டிரைவ் கைப்பேசியில் கிடையாது. ஆகவே பிளேலிஸ்ட்டைப் பாடல்கள் உள்ள அதே கோப்புறையில், டிரைவ் பெயர் இல்லாத சார்பு முகவரிகளோடு சேமியுங்கள். கோப்புப் பெயர்கள் தமிழில் இருந்தால், சேமிக்கும்போது தமிழ் எழுத்துகளை ஏற்கும் ‘எம்3யூ8’ என்ற பிளேலிஸ்ட் வகையைத் தேர்ந்தெடுங்கள். திருவிழாவன்று பந்தலில் நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல இது. முந்தின நாளே வரிசை முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: கணினிப் பாடல்களைக் கைப்பேசியோடு ஒத்திசைக்கும் (சிங்க்) மென்பொருள் ஒவ்வொரு முறையும் எல்லாப் பாடல்களையும் முதலிலிருந்து நகல் எடுக்கிறதே? – வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கேபிள் வழியாக நகல் எடுக்கும்போது, கோப்பின் பழைய தேதியைப் பல கைப்பேசிகள் விட்டுவிட்டு அன்றைய தேதியைப் போட்டுக்கொள்கின்றன. தேதி மாறியிருப்பதால் மென்பொருள் அதை வேறு கோப்பு என்று எண்ணிவிடுகிறது. ஒப்பிடும் முறையைத் தேதியிலிருந்து கோப்பின் அளவுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பழைய கேசட்டுகளில் இருந்த தெருக்கூத்துப் பதிவுகளை எம்பி3 ஆக்கிக் கணினியில் வைத்திருக்கிறேன். கணினியில் பெயர்கள் தமிழில் ஒழுங்காகத் தெரிகின்றன. கைப்பேசியிலோ கேள்விக்குறிகளும் அரைகுறைப் பெயர்களுமாக வருகின்றன. – வாசகர், ஆரணி

பதில்: கணினியில் நீங்கள் பார்ப்பது கோப்பின் பெயர், பிளேயர் காட்டுவது கோப்புக்குள் பதிந்திருக்கும் ‘ஐடி3’ என்ற தலைப்பு விவரக் குறிப்பு. அதன் முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட் இடம் மட்டுமே உண்டு. எந்த எழுத்துமுறை என்று குறித்து வைக்க வழியே இல்லை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும் (‘ர்’ என்பதில் எழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள்). ‘அர்ச்சுனன் தபசு’ என்ற தலைப்புக்கே 43 பைட் தேவை. எம்பி3டேக் என்ற மென்பொருளில் பழைய முதல் பதிப்புக் குறிப்பை நீக்கிவிட்டு, ஐடி3 2.3 பதிப்பில், யூடிஎஃப்-16 எழுத்துமுறையில் எழுதச் சொல்லுங்கள். கோப்பின் பெயரையே குறிப்பாக மாற்றும் வசதி அதில் இருப்பதால், ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பிறகு மறுபடி நகல் எடுங்கள். கேசட்டிலிருந்து எடுத்த முதல் பதிவுகளை மட்டும் எந்த ஒத்திசைவிலும் சேர்க்காமல் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதே சரி. அவற்றை மறுபடி எங்கும் வாங்க முடியாது.

கேள்வி: புது லேப்டாப்பில் ஐபோனை இணைத்தால், போனிலுள்ள பாடல்களை அழித்துவிட்டு ஒத்திசைக்கலாமா என்று ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் கேட்கிறது. சம்மதிக்கலாமா? – வாசகி, காட்பாடி

பதில்: வேண்டாம். ஒரு ஐபோன் ஒரு சமயத்தில் ஒரே ஐடியூன்ஸ் நூலகத்தோடுதான் (ஒரு கணினியில் உள்ள பாடல் தொகுப்போடுதான்) ஒத்திசையும். சம்மதித்தால் பழைய கணினியிலிருந்து ஏற்றிய பாடல்கள் போய்விடும். ஐடியூன்ஸ் ஸ்டோரில் வாங்கியவை தவிர மற்றவற்றை ஐடியூன்ஸ் போனிலிருந்து கணினிக்குத் திருப்பி எடுப்பதும் இல்லை. பழைய கணினியின் ‘மியூசிக்’ கோப்புறைக்குள் இருக்கும் ஐடியூன்ஸ் கோப்புறையை முழுதாகப் புது லேப்டாப்புக்குக் கொண்டுவாருங்கள். ஷிப்ட் விசையை அழுத்தியபடியே ஐடியூன்ஸைத் திறந்து, அந்த நூலகத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு போனை இணையுங்கள். ஆப்பிள் மியூசிக் சந்தா இருந்து, போனில் நூலக ஒத்திசைவை இயக்கி வைத்திருந்தால், கேபிள் வழியாகப் பாடல் ஏற்ற முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.